கடைசி வாங்குப் பிள்ளைகள் படிக்க என்ன செய்யலாம்? (தரம் 9, கணிதம்)

வெண்கட்டி | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். யாழ்ப்பாணம் வலிகாமத்தில் தரம் 11 வரையுள்ள சிறிய பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். இந்த வருடம் தரம் 9 என் கையில். 23 பிள்ளைகள். தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்துப் பார்த்தால் 14 பேர் 35 க்குக் கீழே. அதில் 6 பேர் பத்தைக்கூடத் தொடவில்லை.

புள்ளியை விட, தாளைத் திருப்பிக் கொடுத்த அந்த 5 நிமிடம்தான் மனதில் நிற்கிறது. கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பெடியன் தாளை வாங்கினான். விரித்துக்கூடப் பார்க்கவில்லை. நாலாக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன் பார்க்கேல்ல?" என்று கேட்டேன். "வழமையா வாறதுதானே சேர்" என்றான்.

அவனுடைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் பேனையால் ஓரம் கீறி, திகதி போட்டு, கரும்பலகையில் நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அச்சடித்தது போல இருக்கிறது. வீட்டுவேலைப் பக்கத்தில் இலக்கம் மட்டும்: 1, 2, 3, 4, 5. எதிரே ஒன்றும் இல்லை. இப்படியே 7 பக்கம்.

செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். கூடிய புள்ளி எடுப்பவர்களுக்குப் பேனை பரிசாகக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அதே 4 பேர்தான் வாங்கினார்கள். ஏசிப் பார்த்தேன். பெற்றோரைக் கூப்பிட்டேன். ஒரு தாய் வெங்காயம் பிடுங்கும் கூலிவேலையை அரை நாள் விட்டுவிட்டு வந்து, என் மேசைக்கு முன்னால் அழுதுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட மனம் வரவில்லை. படிக்காமல் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் பாதிப் பேர் "வெளிநாடு போவன் சேர்" என்கிறார்கள்.

இவர்கள் சோம்பேறிகள் என்று என்னால் சொல்ல முடியாது. விளையாட்டுப் போட்டிக்குத் தங்கள் அணியின் இல்லத்தைச் சோடிக்க விடியவே வந்து நிற்பார்கள். அதே பிள்ளைகள் என் 40 நிமிடப் பாடத்தில் ஏன் இப்படி அணைந்து போகிறார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


சுன்னாகம் ரியூசன் | ஞாயிறு, இரவு 9.32

அடிப்படை இல்லாத பிள்ளைக்கு அட்சரகணிதம் படிப்பித்து என்ன சேர்? பின்னமும் திசைகொண்ட எண்ணும் (கூட்டல், கழித்தல் அடையாளம் உள்ள எண்) தெரியுமா என்று முதலில் பாருங்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்குக் கடன் வாங்கிக் கழிப்பதே தடுமாற்றம்.


முற்றத்து வேம்பு | ஞாயிறு, இரவு 10.20

தம்பி, 33 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்துக்கொண்டு முதல் நியமனத்துக்குப் போனபோது எனக்கும் இதே கடைசி வாங்கு இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பிள்ளைக்கு விருப்பம் வந்தால் கணக்கு வரும் என்று நாங்கள் நினைக்கிறோம். நான் கண்டது மறுவளம். கணக்கு ஒன்று சரிவந்தால்தான் விருப்பம் தலைகாட்டும். நாலைந்து வருடமாக ஒன்றும் சரிவராத பிள்ளையிடம் "ஆர்வமாய் இரு" என்று சொல்வது, பசியோடு நிற்பவனிடம் ஏப்பம் விடு என்று சொல்வது மாதிரி.

வடமராட்சியில் கடற்கரையோரப் பாடசாலை ஒன்றில் விகிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 3:2:1 என்று எழுதினால் வகுப்பு வாய் திறக்காது. தகப்பனோடு இரவு கடலுக்குப் போய்விட்டு வந்து முதல் பாடத்திலேயே நித்திரையாகும் பெடியன் ஒருவன் இருந்தான். ஒருநாள் அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்து, "இண்டைக்கு மீன்பாடு எப்பிடி? காசை எப்பிடிப் பிரிப்பியள்?" என்று கேட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னான்: "வள்ளத்துக்கும் இயந்திரத்துக்கும் ரெண்டு பங்கு, வலைக்கு ஒண்டு, ஆக்கள் மூண்டு பேருக்கும் ஆளுக்கொண்டு. எண்ணெய்க் காசைக் கழிச்சுப்போட்டுத்தான் பிரிக்கிறது ரீச்சர்." சரி, 13,500 ரூபாய்க்கு விற்றது, எண்ணெய் 1,500 என்றேன். நான் வெண்கட்டியை எடுக்க முன்னம், "வலைக்கு ரெண்டாயிரம், வள்ளத்துக்கு நாலாயிரம்" என்றான்.

அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் 2:1:1:1:1 என்று எழுதினேன். அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உதுதானோ ரீச்சர் விகிதம்?" என்றான். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. ஆறு மாதமாக அவனுக்குத் தெரிந்த ஒன்றையே தெரியாத மொழியில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு விஷயம். அவனை மீன் பங்கிலேயே நிற்க விடவில்லை. அடுத்த கிழமை மீனும் இல்லாத, காசும் இல்லாத விகிதக் கணக்குகள் கொடுத்தேன். பாதி பிழைத்தது. ஆனாலும் அழித்து அழித்துச் செய்தான்.

நாளைக்குப் போனதும் அந்த 14 பேரின் தாளையும் திரும்ப வாங்குங்கோ. புள்ளியை விட்டுவிட்டு, எந்த வரியில் வழி தவறினான் என்று மட்டும் பாருங்கோ. ஒவ்வொருவருக்கும் அவனால் இப்போது முடிவதற்கு ஒரு படி மேலாக ஒரே ஒரு கணக்கு. துண்டுக் கடதாசியில் எழுதி, பெயர் போட்டுக் கையில் கொடுங்கோ.


இணுவில் அம்மா | திங்கள், காலை 5.50

ஆசிரியர்கள் கதைக்கிற இடத்தில் ஒரு தாயும் எழுதலாமா தெரியவில்லை. என் மகன் தரம் 10. காலை 7.30 க்குப் பாடசாலை, 1.30 க்கு விடும். 2.30 க்கு ரியூசன் தொடங்கினால் 6.30. சனியும் அதே கதை, ஞாயிறு காலையும் வகுப்பு. வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையை மடியில் வைத்தபடியே நித்திரையாகிவிடுவான். தவணை அறிக்கையில் "ஆர்வம் காட்டுவதில்லை" என்று எழுதி வந்தது. அவன் கடைசியாகப் பந்து விளையாடியது எப்போது என்று எனக்கு ஞாபகம் இல்லை. களைத்த பிள்ளையையும் மனம் விட்ட பிள்ளையையும் தயவுசெய்து பிரித்துப் பாருங்கள்.


கல்லூரி வீதி | திங்கள், காலை 7.05

எங்கள் காலத்தில் பிரம்பு இருந்தது, எல்லோரும் படித்தோம். இப்போது ஆசிரியரின் கையைக் கட்டிப்போட்டு விட்டு ஊக்கம் பற்றிக் கதைக்கிறோம். பயம் இல்லாத இடத்தில் படிப்பு வராது என்பது என் கருத்து.


நாவற்குழி | திங்கள், மதியம் 12.40

கல்லூரி வீதி அண்ணை, உங்களோடு சண்டைக்கு வரவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தரம் 7. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டச் சொல்லிக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள். ஐந்தில் இரண்டு என்று எழுதினேன். முழங்கால் பின்பக்கம் இரண்டு அடி. பிழை எங்கே என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாதாரண தரம் வரை கணிதப் பாடத்தில் நான் தலை நிமிர்ந்ததே இல்லை.

இப்போது தச்சு வேலை செய்கிறேன். அரை அங்குலம், கால் அங்குலம், முக்காலே அரைக்கால் எல்லாம் விரல் நுனியில். அலுமாரிக் கதவு ஒரு நூல் பிசகாது. ஆனால் மகளின் கொப்பியில் அதே பின்னத்தைக் கண்டால் இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கிறது. எல்லோரும் படித்தோம் என்கிறீர்கள். படிக்காமல் போன எங்களை யாரும் எண்ணவில்லை அண்ணை.


முற்றத்து வேம்பு | திங்கள், மதியம் 1.55

நாவற்குழித் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நானும் பிரம்பு பிடித்தவள்தான். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 12/2016 சுற்றறிக்கை போட முன்னமே அதைக் கைவிட்டேன். அடி வாங்கிய பிள்ளை கணக்கைக் கவனிப்பதில்லை, என் கையைக் கவனிக்கிறது என்று கண்ட பிறகு.


பரமேஸ்வராச் சந்தி | திங்கள், இரவு 8.15

நான் உளவியல் படிக்கிற மாணவி. வெண்கட்டி சேர் பேனைப் பரிசு பற்றி எழுதியதும் ஒரு பழைய பரிசோதனை ஞாபகம் வந்தது. அதுவும் பேனை பற்றியதுதான்.

1973 இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் அமெரிக்காவில் ஒரு முன்பள்ளியில் செய்தது. வண்ணப் பேனையால் படம் கீறுவதைத் தாமாகவே விரும்பும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு "கீறினால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்கு ஒன்றும் சொல்லாமல், கீறி முடித்த பிறகு திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாம் பகுதிக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு கிழமை கழித்துப் பேனைகளைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தால், பரிசை எதிர்பார்த்துக் கீறிய பிள்ளைகள் மற்றவர்கள் கீறிய நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் கீறினார்கள். திடீர்ப் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு வரவில்லை.

பாராட்டைப் பற்றியும் ஒன்று. கிளவுடியா முல்லர், கரொல் டுவெக் இருவரும் 1998 இல் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை "நீ கெட்டிக்காரன்" என்றும் சிலரை "நல்லாய் முயற்சி செய்தாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்ததாகக் கடினமான புதிர்கள் வந்து எல்லோரும் தடுமாறியபோது, கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள்தான் சீக்கிரம் மனம் விட்டார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்கள் இன்னும் செய்து பார்க்கக் கேட்டார்கள்.

எங்கள் ஊரில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்தால் சந்திக்குச் சந்தி பதாகை கட்டுகிறோம். பத்து வயதில் படத்தோடு "சாதனையாளர்" ஆகிய பிள்ளை ஒரு பக்கம். படம் வராத பிள்ளை அதே பதாகைக்குக் கீழால் சைக்கிளில் போய்வருகிறது. சேர், உங்கள் 14 பேரில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளிக்குக் கீழே என்று தெரியுமா?


வெண்கட்டி | திங்கள், இரவு 8.50

14 பேரும்தான். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தவர்கள் தரம் 6 க்கே நகரப் பாடசாலைகளுக்குப் போய்விட்டார்கள். தாளை மடித்த பெடியனிடம் இன்று இடைவேளையில் மெதுவாகக் கதை கொடுத்தேன். எப்போதிருந்து கணக்குப் பிடிக்கவில்லை என்று கேட்டதற்கு, "ஸ்கொலசிப் விட்ட பிறகு" என்றான், புலமைப்பரிசில் பரீட்சையைத்தான். இப்போது 14 வயது. நாலு வருடமாக அந்த ஒரு காலையைச் சுமந்துகொண்டு திரிகிறான்.


சுன்னாகம் ரியூசன் | திங்கள், இரவு 9.40

தங்கச்சி, பரிசோதனை சரி. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே படம் கீற விரும்பியவர்கள். எங்களுக்கு முன்னால் இருப்பது பேனையைத் தொடவே மறுக்கிற பிள்ளை. இல்லாத விருப்பத்தைப் பரிசு எப்படிக் கெடுக்கும்? தொடங்கி வைக்கச் சின்னதாக ஏதாவது கொடுப்பதில் பிழை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

வெண்கட்டி சேருக்கு என்னுடைய வழி ஒன்று. சாதாரண தரக் கணிதத்தில் இரண்டு பத்திரமும் தலா 100, மொத்தம் 200 ஐப் பாதியாக்குவார்கள். முதலாம் பத்திரத்தின் முதல் பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2. அதாவது சிறு வினா மட்டுமே கடைசிப் புள்ளியில் 25 தரும். எஸ் என்ற சாதாரண சித்திக்கு 35 போதும். மிச்சம் 10 தான். "கணிதம் எனக்கு ஓடாது" என்று வருபவனுக்கு முதல் நாளே இதைக் கடதாசியில் போட்டுக் காட்டுவேன். மலையாய்த் தெரிந்தது ஏணியாய்த் தெரியும்.

பிறகு ஒவ்வொரு சனியும் 25 சிறு வினா. எத்தனை சரி என்பதைத் தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தானே வரைபாகக் குறிக்க வேண்டும். வகுப்பில் வாசிக்க மாட்டேன், மற்றவன் பார்க்கவும் விடமாட்டேன். போன கிழமை 4, இந்தக் கிழமை 6. அந்தக் கோடு ஏறத் தொடங்கினால் பெடியன் நேரத்துக்கு முதலே வந்து நிற்பான். கோடு விழுந்தால் எந்த வினாவில் விழுந்தது என்று தானே தேடுவான். நான் கொடுக்கும் ஒரே பரிசு அந்தக் கோடுதான்.


பரமேஸ்வராச் சந்தி | திங்கள், இரவு 10.05

நீங்கள் சொல்வது நியாயம் அண்ணா. விருப்பமே இல்லாத வேலைக்கு அந்த முடிவை அப்படியே கொண்டுபோக முடியாது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் மனிதருக்கு மூன்று தேவைகள் என்பார்கள்: நானே தெரிந்து செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, இங்கே என்னை வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. உங்கள் கோடு இரண்டாவதைக் கொடுக்கிறது. வேம்பு ரீச்சர் பக்கத்தில் போய் இருந்தது மூன்றாவதை.


இடாப்பு | செவ்வாய், மாலை 4.30

எல்லாம் நல்லது. 40 பேர் வகுப்பு, கிழமைக்கு 30 பாடவேளைக்கு மேல், நடுவில் வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் படிவங்கள். இதில் ஆளுக்கொரு துண்டு எழுத எங்கே நேரம்? 2022 இல் பெற்றோல் இல்லாமல் 14 கிலோமீற்றர் சைக்கிள் மிதித்துப் போய்ப் படிப்பித்தவன் நான். காலைப் பிரார்த்தனையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன். மனம் இல்லை என்று நினைக்க வேண்டாம். களைப்பு.


முற்றத்து வேம்பு | செவ்வாய், மாலை 5.10

தம்பி, 40 பேருக்கு எழுத வேண்டாம். கிழமைக்கு 3 பிள்ளைகள். மூன்றே மூன்று. தவணை முடிய எல்லோரையும் தொட்டுவிடுவீர்கள். உங்கள் களைப்பு எனக்கு விளங்குகிறது.


குறிகட்டுவான் படகு | செவ்வாய், இரவு 7.45

தீவகத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கணிதம் இல்லை என்றாலும் எழுதுகிறேன், கடைசி வாங்கு எங்களிடமும் இருக்கிறது.

நீரின் வன்மை, அதாவது சவர்க்காரத்தை நுரைக்க விடாத தன்மை பற்றிய பாடம். புத்தகத்தில் ஒரு பக்கம், பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிப்பார்கள். இந்த முறை புத்தகத்தைத் திறக்க முதல், "நாளைக்கு ஆளுக்கொரு போத்தலில் உங்கட கிணத்துத் தண்ணி கொண்டு வாங்கோ" என்றேன். 19 போத்தல் வந்தது. ஒருத்தி மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஒரேயளவு போத்தல், ஒரேயளவு தண்ணீர், வெள்ளைச் சவர்க்காரத்தைக் கரைத்து ஒவ்வொன்றிலும் 10 துளி. சலவைத் தூள் போட்டால் சரிவராது, அது வன்னீரிலும் நுரைக்கும். எல்லோரும் 20 தரம் குலுக்கி மேசையில் வைத்து, அடிமட்டத்தால் நுரையின் உயரத்தை அளந்தார்கள். மழைத்தண்ணீர் போத்தல் கழுத்து வரை நுரைத்தது. சிலருடையதில் தயிர் திரைந்த மாதிரி வெள்ளையாய்ப் படிந்ததே தவிர நுரை இல்லை. அப்புறம் வகுப்பில் நடந்ததை நான் படிப்பித்தேன் என்று சொல்ல முடியாது. "உங்கட கிணறு கோயிலடியில, ஏன் உவ்வளவு நுரை?" "எங்கட கிணறு ஆழம், அதாலயோ ரீச்சர்?" மணி அடித்தும் எழும்பவில்லை.

கண்ணாடித் துண்டில் ஒவ்வொரு துளி விட்டு வெயிலில் காயவைத்தோம். வெள்ளை வளையம் படிந்தது. கடலோர வீட்டுப் பிள்ளைகளின் வளையம் தடிப்பாக இருந்தது. அங்கேதான் நான் வாய் திறந்தேன்: எங்கள் நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல், மழைநீர் அதற்குள் இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது, புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான்.

வருடம் முழுக்க என் வகுப்பில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளை ஒருத்தி அடுத்த நாள் இரண்டு போத்தலோடு வந்தாள். "இது விடிய அள்ளினது. இது மோட்டர் போட்டு இறைச்ச பிறகு. ரெண்டாவது உவர்க்குது ரீச்சர், ஏன்?" மேலேயுள்ள நன்னீரை வேகமாக இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் ஏறி வரும் என்பதை அவளே பாதி கண்டுபிடித்துவிட்டாள். மிச்சப் பாதியைக் கேட்கத்தான் என்னிடம் வந்தாள். அன்று திரும்பி வரும்போது படகில் எனக்கு வேறு எதுவும் நினைக்க முடியவில்லை.


ஸ்காபரோ | புதன், காலை 6.20

வெளிநாடு போவோம் என்கிற பெடியள் பற்றி. 1995 இல் நானும் தரம் 9. ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்க, வலிகாமத்தை விட்டு எல்லோரோடும் தென்மராட்சிக்கு நடந்தோம். அங்கே மாமரத்துக்குக் கீழே வகுப்பு. கரும்பலகை இல்லை. கணித ஆசிரியர் ஈர மணலில் தடியால் கீறிப் படிப்பித்தார். நான் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் அவர் நாங்கள் இருந்த கொட்டிலைத் தேடிக்கொண்டு வந்தார். ஏசவில்லை. "நேற்று முக்கோணம் தொடங்கினம், நீ இல்லாமல் கணக்குக் குறையுது" என்றார். அவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து வந்தவர்தான். அந்த ஒரு வசனத்துக்காகவே போனேன்.

இங்கே கனடாவில் மின்சார வேலை செய்கிறேன். அனுமதிப் பத்திரத்துக்கு எழுத்துப் பரீட்சை. மின்தடை, சமாந்தர இணைப்பு, பின்னம் எல்லாம் அதில் வந்தது. 32 வயதில் மணலில் கீறியதை ஞாபகப்படுத்திப் படித்தேன். பெடியளிடம் வெளிநாடு போகாதே என்று சொல்லாதீர்கள், கேட்க மாட்டார்கள். பயமுறுத்தவும் வேண்டாம். சேர் விரும்பினால் ஒரு நாள் காணொளியில் வந்து என் அளவு நாடாவையும் வரைபடத்தையும் காட்டிக் கதைக்கிறேன்.


கல்லூரி வீதி | புதன், இரவு 9.00

நாவற்குழித் தம்பி, உங்களுக்குப் பதில் எழுத இரண்டு நாள் எடுத்தது. என் தம்பியும் தரம் 8 இல் பள்ளிக்கூடத்தை விட்டவன். அடியால்தான் என்று வீட்டில் தெரியும், யாரும் கதைப்பதில்லை. எல்லோரும் படித்தோம் என்று எழுதியது பிழை.


வெண்கட்டி | ஆறாம் கிழமை, ஞாயிறு, இரவு 8.30

பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

14 தாளையும் வைத்துக்கொண்டு இரண்டு இரவு இருந்தேன். சுன்னாகம் சேர் சொன்னது சரி: 9 பேருக்கு இடறல் பின்னத்தில், 3 பேருக்குக் கழித்தல் அடையாளத்தில். ஆனால் 2 பேருக்கு அடிப்படை எல்லாம் இருக்கிறது, வினாவை வாசித்து விளங்குவதுதான் பிரச்சினை. நான் அவர்களையும் சேர்த்து "கணிதம் வராதவர்கள்" என்று வைத்திருந்தேன்.

துண்டு கொடுத்த முதல் நாளே ஒரு பிழை விட்டேன். ஒரு பிள்ளைக்கு மிகவும் இலகுவான கணக்கைக் கொடுத்துவிட்டேன். அவள் அதைத் திருப்பி என் மேசையில் வைத்து, "நான் உவ்வளவு மொக்கோ சேர்?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே கடினமான ஒன்றை எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் எடுத்தாள், செய்தாள்.

பரப்பளவுக்கு வகுப்பை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, எங்கள் ஊர்க் காணிக் கணக்கில் 16 பரப்பு. அப்போது ஒரு பரப்பு எவ்வளவு என்று மண்ணில் இருந்து வகுத்தார்கள்: 2,722.5 சதுர அடி. பிறகு, அளக்க முதல் கண்ணால் பார்த்து மைதானத்தின் வேலிப்பக்கத் துண்டு எத்தனை பரப்பு வரும் என்று கேட்டேன். புள்ளி கூட எடுக்கும் பிள்ளைகள் 10 என்றார்கள், 2 என்றார்கள். தாளை மடித்த பெடியன் ஒருதரம் இந்தப் பக்கம், ஒருதரம் அந்தப் பக்கம் நடந்துவிட்டு, "நாலு பரப்பு வரும் சேர்" என்றான். நாடாவால் அளந்தோம். 105 அடிக்கு 98 அடி. பெருக்கி வகுத்தால் 3.78. கால் பரப்புகூடப் பிசகவில்லை. எப்படித் தெரியும் என்று மற்றவர்கள் கேட்க, "அம்மாவோட வெங்காயத் தோட்டத்துக்குப் போறனான்தானே" என்றான். அவன் குரலை முழு வகுப்பும் கேட்டது அன்றுதான் முதல்தரம் என்று நினைக்கிறேன். அன்று அழுதுவிட்டுப் போன தாயின் மகன்தான் அவன்.

எல்லாம் சரிவந்துவிட்டது என்று எழுத மாட்டேன். இரண்டு பெடியள் மேசன் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள், கிழமைக்கு இரண்டு நாள்தான் வருகிறார்கள். ஸ்காபரோ அண்ணை சொன்ன மாதிரி வீட்டுக்குப் போனேன். ஒருவனைப் பார்த்தேன், மற்றவனின் வீடு பூட்டியிருந்தது. திரும்பவும் போவேன்.

புள்ளிகளை வகுப்பில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன், பேனைப் பரிசையும். சனிக்கிழமைக்குப் பதிலாக வெள்ளி கடைசிப் பாடத்தில் 10 சிறு வினா. 21 பேரும் கோடு கீறுகிறார்கள். மடித்த பெடியனுடையது 1, 1, 3, 2, 4.

நேற்று முன்தினம் வினாத்தாளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அவன் மட்டும் வாசலில் நின்று, "எப்ப சேர் திருத்தித் தருவியள்?" என்று கேட்டான். திங்கள் என்றேன். இப்போது அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

குறிகட்டுவான் ரீச்சர், எங்கள் விஞ்ஞான ஆசிரியை சவர்க்காரக் கரைசல் எவ்வளவு செறிவு என்று கேட்கிறார். முடிந்தால் சொல்லுங்கள்.


குறிகட்டுவான் படகு | ஞாயிறு, இரவு 9.15

சின்ன விரல் நகம் அளவு சீவல், அரைப் போத்தல் மழைத்தண்ணீரில் கரைத்தால் போதும் சேர். கிணற்றுத் தண்ணீரில் கரைக்க வேண்டாம் என்று சொல்லுங்கோ.